க்ளூஸ் என்னும் கடைசல் ஊர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் அழைத்தாலும் "இப்போது எங்கே இருக்கிறாய்?" என்றுதான் தொடங்குவார்கள். "க்ளூஸ்" என்பேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இருக்காது. அதன் பிறகு வரும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். இங்குள்ள ஒரு கடைசல் பட்டறையில், அதாவது லேத்தில் உலோகத்தைக் கடைந்து சிறு பாகங்கள் செய்யும் இடத்தில், செய்து முடித்த பாகங்களை அளந்து பார்க்கும் அறையில் வேலை செய்கிறேன். சித்தப்பா, கல்லூரித் தோழர்கள், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர்கள் என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சலித்துப்போனதால் எழுதிவைக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

க்ளூஸ் ஸ்விட்சர்லாந்தில்தானே இருக்கிறது?

இல்லை, பிரான்ஸில். ஆனால் எல்லை பக்கத்தில்தான். ஜெனீவாவிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர், ஷமோனிக்கும் மோன் பிளாங்குக்கும் போகிற வழியில், ஆர்வ் ஆற்றின் கரையில் இருக்கிறது. மாவட்டம் ஓத் சவுவா. மக்கள்தொகை 17,000 அளவில் இருக்கும். 2019 டிசம்பரில் லெமான் எக்ஸ்பிரஸ் ரயில்கள் ஓடத் தொடங்கியபின் ஜெனீவாவுக்குப் போய்வருவது எளிதாகிவிட்டது.

பெயருக்கு 'அடைபட்ட இடம்' என்று பொருள், லத்தீனிலிருந்து வந்தது. ஊருக்கு மேற்கே பள்ளத்தாக்கு அகலமாக இருக்கிறது. ஊரைத் தாண்டியதும் இரண்டு பாறை மலைகள் நெருங்கி வந்து வழியை இடுக்கிவிடுகின்றன. அந்த ஒரே இடுக்கில்தான் ஆறும், ரயில் பாதையும், நெடுஞ்சாலையும், பழைய சாலையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நுழைகின்றன.

ஆல்ப்ஸ் ஊர் என்றால் பனிச்சறுக்கு, மரவீடு, மாட்டு மணி. ஜாலியாக இருக்கிறாய், இல்லையா?

ஊர் இருப்பது 485 மீட்டர் உயரத்தில். பள்ளத்தாக்கின் தரை அது. பனிச்சறுக்குக்கு மேலே ஃப்ளேனுக்குப் போகவேண்டும். 1,600 மீட்டருக்கும் மேலே உள்ள அந்த ஊரைக் கட்டடக் கலைஞர் மார்செல் ப்ராய்ர் முழுக்கக் கான்கிரீட்டில் வடிவமைத்தார். அங்கே மரவீட்டைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

இங்கே சன்னலைத் திறந்தால் தகரக் கூரைப் பட்டறைகளும் சரக்கு வண்டிகளும் தெரியும், அவற்றுக்குப் பின்னால் மலை தெரியும். குளிர்காலச் சனிக்கிழமைகளில் சுற்றுலாக் கார்கள் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி ஊர்ந்துபோகும். க்ளூஸில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பெட்ரோல் போடத்தான் இறங்குகிறார்கள்.

அங்கே என்ன வேலை நடக்கிறது? நீ சொன்ன பிரெஞ்சு வார்த்தையைத் தேடினால் ரவிக்கைக் கழுத்துப் படங்கள் வருகின்றனவே?

அந்த வார்த்தை தெகொல்தாஜ். பிரெஞ்சில் பெண்களின் தாழ்ந்த கழுத்து வெட்டுக்கும் அதே சொல்தான், இரண்டிலும் 'கழுத்து' ஒளிந்திருக்கிறது. என் அம்மாவும் இதே தேடலைச் செய்துவிட்டு, நான் என்ன தொழிலில் இருக்கிறேன் என்று ஒரு வாரம் கவலைப்பட்டார்.

தமிழில் இதற்கு அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது: கடைசல். நீளமான உலோகக் கம்பியை இயந்திரத்துக்குள் விட்டு, சுழலும் கம்பியை உளியால் சீவி, துளையிட்டு, மரையிட்டு, கடைசியில் அறுத்துவிட்டால் ஒரு பாகம் கீழே விழும். கம்பி சற்று முன்னே நகரும், அடுத்தது விழும். பெட்டி பெட்டியாக ஆயிரக்கணக்கில் இப்படி விழுந்துகொண்டே இருக்கும். திருகு, ஊசி, குழல், வால்வின் உள்ளுறுப்பு, மின் இணைப்பின் முனை என்று எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன. பிரான்ஸ் முழுவதும் நடக்கும் இந்தத் தொழிலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, க்ளூஸும் சியோன்சியே, மார்னா போன்ற பக்கத்து ஊர்களும் சேர்ந்த இந்த ஒரே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது.

நம் ஊர் லேத் பட்டறையிலும் இதைத்தானே செய்கிறார்கள்? அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

தத்துவம் ஒன்றுதான். கோயம்புத்தூர்ப் பட்டறையில் ஆட்டோ லேத் பார்த்தவருக்கு இந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது, எண்ணெய் வாசனை உட்பட. வேறுபாடு நீளமான மெல்லிய பாகங்களில் தெரியும். சாதாரண லேத்தில் கம்பியை ஒரு முனையில் பிடித்துக்கொண்டு உளியை நீளவாக்கில் நகர்த்துவோம். பிடியிலிருந்து உளி தள்ளிப்போகப் போக மெல்லிய கம்பி வளைந்து கொடுக்கும், அளவு கெட்டுவிடும். 1870களில் ஸ்விஸ் கடிகாரத் திருகுகளுக்காக உருவான இயந்திரத்தில் இது தலைகீழ். உளி நீளவாக்கில் நகராது, கம்பிதான் ஒரு வழிகாட்டி வளையத்துக்குள்ளிருந்து முன்னும் பின்னும் நகர்கிறது. உளி எப்போதும் அந்த வளையத்தை ஒட்டியே வெட்டுவதால் கம்பி வளைய இடமே இல்லை. அந்தக் காலத்தில் உளியின் ஒவ்வோர் அசைவையும் கேம் எனப்படும் கோணல் தகடுகள் ஆட்டிவைத்தன. இப்போது கணினி.

என் மேசையில் இன்று கிடக்கும் ஒரு பித்தளைக் குழலைச் சொல்கிறேன். நீளம் 14 மில்லிமீட்டர். பார்த்தால் பேனா மூடியிலிருந்து உதிர்ந்த துண்டு மாதிரி இருக்கும். அதன் உள்விட்டத்தில் 8 மைக்ரான் வரைதான் பிழை இருக்கலாம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். அளக்கும் அறை ஆண்டு முழுவதும் 20 டிகிரியில் இருக்கும். இயந்திரத்திலிருந்து சூடாக வந்ததை உடனே அளந்தால், 10 டிகிரி கூடுதல் சூட்டுக்கே நீளம் ஏறத்தாழ 3 மைக்ரான் அதிகம் காட்டும். ஆகவே பாகங்கள் முதலில் ஒரு தட்டில் ஆறவேண்டும். அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்துவராது. முதல் மாதத்தில் நான் ஒரு முழுப் பெட்டியைத் தவறென்று திருப்பி அனுப்பினேன். இயந்திரக்காரர் ஒன்றும் பேசவில்லை. தட்டைக் கொண்டுவந்து வைத்து, கடிகாரத்தைக் காட்டிவிட்டு, காப்பி குடிக்கப் போனார். அரை மணி கழித்து அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தன.

மலை இடுக்கில் இப்படி ஒரு தொழில் எப்படி வந்து உட்கார்ந்தது?

குளிர்காலத்தால். அரை ஆண்டு பனி மூடிய நிலத்தில் விவசாயிக்கு வேலை இல்லை. 1720 வாக்கில், க்ளூஸுக்கு மேலே மலையில் இருக்கும் சேன் சிஜிஸ்மோன் கிராமத்தைச் சேர்ந்த க்ளோத் பல்லாலூ என்பவர் வெளியில் கற்ற கடிகாரத் தொழிலை ஊருக்குக் கொண்டுவந்தார். கீழே ஜெனீவா அப்போதே கடிகாரங்களுக்குப் பெயர்பெற்ற நகரம். அங்குள்ளவர்களுக்குப் பற்சக்கரங்களும் சிறு அச்சுகளும் தேவைப்பட்டன. சன்னலோரம் ஒரு பலகையும் நல்ல கண்பார்வையும் இருந்தால் போதும், பண்ணை வீட்டிலேயே செய்து மூட்டையாகக் கட்டி அனுப்பிவிடலாம்.

கவனியுங்கள், இவர்கள் முழுக் கடிகாரம் அதிகம் செய்யவில்லை. உள்ளுறுப்புகளைச் செய்தார்கள், பெயர் ஜெனீவாக்காரர் பெயராக இருந்தது. இந்த ஊரின் தலையெழுத்து அன்றே எழுதப்பட்டுவிட்டது. கடைசிக் கேள்வியில் இது திரும்ப வரும்.

இவ்வளவு பழைய ஊர் என்கிறாய், படத்தில் தெருக்கள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல இருக்கின்றனவே?

1844 ஜூனில் ஒரு பெருந்தீ ஊரை ஏறத்தாழ முழுக்கத் தின்றுவிட்டது. அப்போது இந்த ஊர் அடங்கிய சவோய் பகுதி பிரான்ஸில் இல்லை, டுரின் நகரைத் தலைநகராகக் கொண்ட சார்டினிய அரசின் கீழ் இருந்தது. திரும்பக் கட்டும்போது அகலமான நேர்த் தெருக்கள், செங்கோண மூலைகள் என்று டுரின் பாணியிலேயே கட்டினார்கள். மலை ஊர்களுக்குரிய வளைந்த சந்துகள் இங்கே இல்லாததற்குக் காரணம் அதுதான்.

வீடுகளைக் கட்டிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. எரிந்துபோன ஊருக்குப் பிழைப்பு வேண்டும் என்று 1848இல் அரசர் சார்லஸ் ஆல்பர்ட் இங்கே ஒரு கடிகாரப் பள்ளியை நிறுவினார். என் கணக்கில் இந்த ஊருக்கு நடந்த மிக நல்ல காரியம் அதுதான். அதுவரை அப்பாவிடமிருந்து மகனுக்குப் போன கைப்பழக்கம், அங்கே வரைபடமும் கணக்கும் சேர்ந்த படிப்பாக மாறியது. பள்ளியின் வாரிசாக இன்றைக்கு ஷார்ல் போன்சே தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. எங்கள் பட்டறையில் பாதிப் பேர் அங்கே படித்தவர்கள்.

பிறகு சவோய் பிரான்ஸோடு சேர்ந்ததே, எல்லை நடுவில் விழுந்தபின் ஜெனீவா வியாபாரம் என்ன ஆனது?

நல்ல கேள்வி, கேட்டவர் சுங்கத்துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். 1860 ஏப்ரலில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. பிரான்ஸோடு சேர்ந்தால் ஜெனீவாவுக்குப் போகும் சரக்குக்கு வரி விழும் என்ற பயம் வடசவோயில் பெரிதாக இருந்தது. அதனால் இந்தப் பக்கத்து வாக்குச் சீட்டுகளில் வெறும் 'ஆம்' மட்டும் இல்லை, 'ஆம், மண்டலத்தோடு' என்று இருந்தது. மண்டலம் என்றால் பிரெஞ்சுச் சுங்க எல்லைக்கு வெளியே வைக்கப்பட்ட வரியற்ற பகுதி. க்ளூஸ் அடங்கிய ஃபோசினி வட்டாரமும் அதற்குள் வந்தது. கொடியும் ராணுவமும் பிரான்ஸுடையவை, சந்தை ஜெனீவாவோடு. 1923இல்தான் பிரான்ஸ் தன் சுங்கக் கோட்டை அரசியல் எல்லைக்கே நகர்த்தியது.

1904இல் அங்கே துப்பாக்கிச் சூடு நடந்ததாகப் படித்தேன். போலீஸா சுட்டது?

இல்லை, முதலாளியின் மகன்கள். க்ரெத்தியே என்ற குடும்பம் கடிகாரப் பாகத் தொழிற்சாலை நடத்தியது. அந்த ஆண்டு மே மாத நகராட்சித் தேர்தலை ஒட்டிய பகையில் சில தொழிலாளர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள், வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூலை 18 அன்று ஊர்வலம் தொழிற்சாலையைக் கடந்தபோது உள்ளேயிருந்து மகன்கள் சுட்டார்கள். 3 தொழிலாளர்கள் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். கூட்டம் தொழிற்சாலையைக் கொளுத்திவிட்டது. நவம்பரில் அனெசியில் வழக்கு நடந்து, சுட்ட மகன்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. யாருக்கும் ஓராண்டுக்கு மேல் இல்லை. தீவைப்புக்காகக் குற்றம் சாட்டப்பட்ட தொழிலாளர்கள் விடுதலையானார்கள்.

அண்ணன் தம்பி போல எல்லோரும் ஒன்றாய் உழைத்த ஊர் என்று இங்கே சிலர் பழங்கதை பேசும்போது எனக்கு இந்த ஜூலை மாதம் நினைவுக்கு வந்துவிடும்.

கடிகாரத் தொழில் போனபின் ஊர் எப்படிப் பிழைத்தது?

சீவுவதை நிறுத்தாமல், சீவும் பொருளை மட்டும் மாற்றிக்கொண்டது. 1890இல் ரயில் வந்தது. மிதிவண்டி, மின்சாரம், கார் என்று புதிய வாடிக்கையாளர்கள் வந்தார்கள். கடிகாரத் திருகு செய்த கைக்குக் கார்புரேட்டர் ஊசி பெரிய விஷயமில்லை. முதல் உலகப் போர் குண்டுகளின் வெடிமுனைகளைக் கேட்டது, அதையும் இந்தப் பள்ளத்தாக்கு செய்தது. இரண்டாம் போருக்குப் பிறகு கார்த் தொழில் பெருத்தபோது பட்டறைகளும் பெருகின.

அப்போதுதான் ஆட்கள் போதாமல் வெளியிலிருந்து வரத் தொடங்கினார்கள். இத்தாலியர், வடஆப்பிரிக்கர், போர்த்துகீசியர், துருக்கியர். இன்று க்ளூஸில் துருக்கி மொழி கேட்காமல் கடைத்தெருவைக் கடக்க முடியாது. எங்கள் பட்டறையில் மதியம் சூடுபடுத்தும் பெட்டிகளைத் திறந்தால் ஐந்து நாட்டு வாசனை வரும்.

இத்தனை பட்டறை இருந்தும் ஏன் ஒரு பெரிய கம்பெனி உருவாகவில்லை?

ஓரளவு பெரியவை உண்டு. ஆனால் பெரும்பாலானவை குடும்பப் பட்டறைகள். முதல் இயந்திரத்தை வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்துத் தொடங்கியவர்களின் பேரன்கள் இன்று நடத்துகிறார்கள். அண்ணனோடு சண்டை வந்தால் தம்பி இரண்டு இயந்திரம் வாங்கி எதிர்த்தெருவில் பலகை மாட்டுவார். 2000களில் வெளி முதலீட்டு நிதிகள் வந்து பலவற்றை வாங்கின. கடன்சுமை ஏற்றப்பட்ட நிலையில் 2008 நெருக்கடி வந்ததும் சில திணறின. அந்தக் காலத்தைப் பற்றிப் பழைய தொழிலாளர்களிடம் கேட்காதீர்கள், மாலை முழுவதும் போய்விடும்.

அங்கே எனக்கு வேலை கிடைக்குமா?

இயந்திரத்தைச் சீரமைத்து ஓட்டத் தெரிந்தவருக்குக் கிராக்கி உண்டு. 'ரெக்லேர்' என்பார்கள், வரைபடத்தைப் பார்த்து உளிகளைப் பொருத்தி, முதல் நல்ல பாகம் விழும்வரை இயந்திரத்தோடு மல்லுக்கட்டுபவர். ஆளுக்குத் தட்டுப்பாடு ஏன் என்றால் பதில் 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஜெனீவாவில் சம்பளம் ஸ்விஸ் பணத்தில். இங்கே பழகிய இளைஞர் இரண்டு மூன்று ஆண்டில் எல்லை தாண்டி வேலைக்குப் போய்வரத் தொடங்கிவிடுகிறார். அவர்களால் வீட்டு வாடகையும் ஏறுகிறது, அதை இங்கே யூரோவில் சம்பாதிக்கும் நாங்களும் கொடுக்கிறோம்.

உங்களுக்கு விசா, பிரெஞ்சு மொழி இரண்டும் வேண்டும். மொழி இல்லாமல் பட்டறையில் ஓட்டமுடியாது. நான் முதல் ஆறு மாதம் ஓட்டியது என் திறமையால் அல்ல, மற்றவர்களின் பொறுமையால்.

ஆறு சாம்பல் நிறத்தில் ஓடுகிறதே, தொழிற்சாலைக் கழிவா?

நிறத்துக்குக் காரணம் பனிப்பாறை. மோன் பிளாங் மலைத்தொகுதியின் பனிப்பாறைகள் அடியில் இருக்கும் பாறையை மாவாக அரைத்து அனுப்புகின்றன. கோடையில் உருகும் நீரில் அது அதிகம். ஜெனீவாவில் ஆர்வ் வந்து ரோன் நதியில் கலக்கும் இடத்தில் பாருங்கள், ஒரு பாதி நீலம், ஒரு பாதி சாம்பல், கொஞ்ச தூரம் ஒட்டாமலே ஓடும்.

ஆனால் அதனால் ஆறு சுத்தம் என்று சொல்லமாட்டேன். உலோகத்தை வெட்டும்போது ஊற்றும் எண்ணெய், அதைக் கழுவ உதவிய கரைப்பான்கள், முலாம் பூசும் கூடங்களின் உலோகக் கழிவு எல்லாம் பல பத்தாண்டுகள் இந்தப் பள்ளத்தாக்கின் நீரில் கலந்தவைதான். பிறகு நகராட்சிகளும் தொழில் துறையும் சேர்ந்து கழிவைத் தடுக்கும் திட்டங்களைக் கொண்டுவந்தன. இன்று எங்கள் பட்டறையில் எண்ணெயில் ஊறிய உலோகச் சுருளைக்கூடச் சுழலும் தொட்டியில் போட்டு, எண்ணெயைப் பிழிந்தெடுத்த பிறகே விற்கிறோம். சட்டம் ஒரு காரணம். எண்ணெய் விலை இன்னொரு காரணம்.

மலைக்காற்று என்றால் சுத்தமாக இருக்காதா? மாசு மோசம் என்று செய்தியில் சொல்கிறார்களே?

செய்தி சரி. குளிர்காலத்தில் குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தாக்கின் அடியில் தங்க, அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டுவிடும். முதல் பதிலில் சொன்ன இடுக்கும் சேர்ந்துகொள்ள, கீழே எழும் புகைக்குப் போக வழி இல்லை. பனி போர்த்திய மலை மேலே வெயிலில் மின்னும், கீழே நாங்கள் பழுப்புப் போர்வைக்குள் இருப்போம்.

எல்லோரும் பட்டறைகளையோ, 1965இல் திறந்த மோன் பிளாங் சுரங்கப்பாதைக்குப் போகும் லாரிகளையோ கைகாட்டுவார்கள். இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் குளிர்கால நுண்துகளில் பெரும்பங்கு வீடுகளின் விறகு அடுப்பிலிருந்து வருகிறது. கணப்படுப்பின் முன் உட்கார்ந்து தொழிற்சாலையைத் திட்டுகிற ஊர் இது. பழைய அடுப்பை மாற்ற 2013இலிருந்து உதவித்தொகை தருகிறார்கள். 2020 நவம்பரில் கிரெனோபிள் நிர்வாக நீதிமன்றம், இந்தப் பள்ளத்தாக்கின் காற்றைப் பொறுத்தவரை அரசு தன் கடமையில் தவறியது என்று தீர்ப்பளித்தது.

மின்சாரக் கார் வந்துவிட்டால் உங்கள் ஊரையே மூடிவிடவேண்டியதுதானே?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். பட்டறையில் யாரும் சிரிப்பதில்லை. பெட்ரோல், டீசல் இயந்திரத்தில் எரிபொருள் தெளிப்பான், வால்வு, பம்பு என்று கடைந்து செய்த பாகங்கள் நிறைய. மின் மோட்டாரில் அவை இல்லை. இந்தப் பள்ளத்தாக்கின் வருமானத்தில் பாதிக்கு மேல் கார்களை நம்பி இருக்கிறது. பிரேக், மின் இணைப்பு முனைகள், குளிரூட்டும் அமைப்பு போன்றவை மின் காரிலும் தேவைப்படும், ஆனால் போனதை அவை முழுக்க ஈடுகட்டாது.

கடிகாரம் போனபோது தப்பித்தது போல இப்போதும் தப்பிக்கும் என்று பேசுவோர் உண்டு. விமானம், அறுவைச் சிகிச்சைக்கான எலும்புத் திருகு, ஸ்விஸ் ஆடம்பரக் கடிகாரம் (ஆமாம், சுற்றிச் சுற்றி அங்கேயே) என்று பலர் நகர்ந்திருக்கிறார்கள். ஆனால் மருத்துவ வேலைக்குத் தனிச் சான்றிதழ், தனிக் கூடம், டைட்டேனியம் வெட்டும் பழக்கம் எல்லாம் வேண்டும். ஒரே கார் வாடிக்கையாளருக்கு ஒரே மாதிரிப் பாகத்தைக் கோடிக்கணக்கில் செய்து வந்த பட்டறை, ஓராண்டில் அப்படி மாறமுடியாது. ஊர் மூடப்படாது என்றுதான் நினைக்கிறேன். சில தெருக்களில் பலகைகள் இறங்கும்.

க்ளூஸில் செய்த ஒரு பொருளைக் கடையில் வாங்க முடியுமா? நினைவாக வைத்துக்கொள்ள ஏதாவது அனுப்பேன்.

இதுதான் சிக்கல். கடிகாரக் காலத்தில் சொன்னது போல, இங்கே செய்பவை வேறொருவர் பொருளின் வயிற்றுக்குள் போய்விடுகின்றன, பெயர் இல்லாமல். விதிவிலக்கு என்றால் இரண்டைச் சொல்லலாம். சன்னல் திரைகளை ஏற்றி இறக்கும் மோட்டார் செய்யும் சோம்ஃபி, 1969இல் இந்த ஊரில் பிறந்த பெயர். அதற்கும் முன்னால் இங்கே கார்ப்பானோ எ போன்ஸ் என்ற நிறுவனம் மிச்செல் என்ற பெயரில் தூண்டில் ராட்டினங்களைச் செய்தது. கறுப்பு நிற மிச்செல் 300 அமெரிக்க ஏரிக்கரைகளில் ஒரு தலைமுறையையே மீன் பிடிக்க வைத்தது. பழைய சாமான் சந்தையில் இன்றும் கிடைக்கிறது, கைப்பிடியைச் சுற்றினால் கடிகாரக்காரர் செய்த பற்சக்கரம் என்று கைக்குத் தெரிந்துவிடும். கார்ப்பானோ எ போன்ஸ் பெயர் தாங்கிய கட்டடத்தில்தான் ஊரின் கடிகார, கடைசல் அருங்காட்சியகம் இருக்கிறது.

சித்தப்பாவுக்கு அனுப்பியது இவை எதுவும் இல்லை. 4 மைக்ரான் கூடிப்போனதால் நான் கழித்துப்போட்ட ஒரு பித்தளைக் குழல். சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறார்.